சோற்றுக்குக் கேட்ட நேரம்



எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் சங்கம் வைக்கும் உரிமையும் ஆட்சியாளர்கள் மனமிரங்கிக் கொடுத்த கொடை என்கிறார்கள். பெரம்பூர் மண்ணில் நின்றுகொண்டு அதை ஒப்புக்கொள்ள என் நாக்கு மறுக்கிறது!

1918இல் இங்கே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளி என்ன கேட்டான்? ஆலையில் பங்கா கேட்டான்? சோறு தின்ன நேரம் கேட்டான்! நண்பகல் இடைவேளை வெறும் அரைமணி. பஞ்சுத் தூசியைக் கழுவி, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சங்கு ஊதுமுன் தறிக்கு ஓட வேண்டும். அந்தக் குறையைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள். அவர்கள் போய் ஹோம் ரூல் இயக்கத்தின் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. தோள் கொடுத்தார். ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

அப்போது தொழிற்சங்கச் சட்டம் இருந்ததா? இல்லை! ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் உயர்நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. தொழிலாளியோடு பேசுவதே குற்றமா என்று நாடு கொதித்தது. 1921இல் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டார். சட்டம் வந்தது 1926இல். சங்கத்துக்கு வயது எட்டான பிறகுதான் சட்டமே பிறந்தது, தோழர்களே!

ஒரு கசப்பையும் மறைக்க மாட்டேன். இதே ஆலைகளில் 1921இல் நடந்த வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்தும் தோற்றது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தோழர்களின் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியும் சுட்டது. முதலாளி ஆலைக்குப் போட்ட பூட்டைவிட, நாம் சேரியைச் சுற்றிப் போட்ட பூட்டுதான் அந்தப் போராட்டத்தைக் கொன்றது. அதைச் சொல்லாமல் திரு.வி.க.வுக்கு மாலை போட எனக்கு மனமில்லை.

1923 மே 1இல் பொதுவுடைமையர் சிங்காரவேலர் இதே சென்னையில் மே நாள் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் பேரவையில் நிறைவேறியது. சங்கங்கள் எழுந்தன. பத்தே நாளில், அதே மே 1 அன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். யாருடைய கொடை அது?

கூட்டம் கலைந்ததும் வாசலில் பாருங்கள். ஊருக்கெல்லாம் சாப்பாடு சுமக்கும் தம்பி வண்டியோடு நிற்பான். மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று அவனைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, சங்கத்துக்குக் கூட்டி வாருங்கள்!