தேவசித்தம் என்று சொல்லும் உரிமை



தேவனுடைய சர்வ ஆளுகையும் மனிதனுடைய சுயசித்தமும் என்ற பொருளில் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இறையியல் கல்லூரியின் வகுப்பறையில் இதை நிதானமாகப் பேசிவிடலாம். அகஸ்டினில் தொடங்கி வரிசையாக வரலாம். திருவண்ணாமலையில் அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், நம் மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் நம் வாயில் உடனே என்ன சொல் வருகிறது? விதி என்கிறோம். கிறிஸ்தவ வீடுகளில் அதே இடத்தில் கர்த்தருடைய சித்தம் என்கிறோம். இரண்டையும் ஒரே பெருமூச்சோடு, ஒரே பொருளில் சொல்கிறோம். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

லூக்கா சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாமின் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. எருசலேமில் நடந்த விபத்து அது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளாய் இருந்தார்கள் என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். அதோடு நிற்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். அந்த 18 பேரின் சாவுக்கு அவர் காரணம் எதுவும் தரவில்லை. அவர்களைப் பற்றித் தேவன் இப்படித் தீர்மானித்தார் என்று விளக்கவும் இல்லை. தேவசித்தத்தை யாரைவிடவும் அறிந்தவர் என்று நாம் விசுவாசிக்கிறவர், அந்த இடத்தில் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. நம் பிரசங்கங்களில் இதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை.

இந்தக் கேள்வி திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. 1898 டிசம்பரில் பவழக்குன்றில் இருந்த இளம் ரமணரைத் தேடி அவருடைய தாயார் அழகம்மாள் மூத்த மகனோடு வந்தார். வீட்டுக்கு வா என்று அழுது கெஞ்சினார். மகன் மௌனத்தில் இருந்தார். அருகில் இருந்தவர்கள் தாளும் பென்சிலும் கொடுத்தபோது அவர் எழுதித் தந்த சில வரிகளை இந்த ஊரில் பலர் அறிவார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் பிராரப்தப்படி ஆட்டுவிப்பவன் ஒருவன் இருக்கிறான், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது என்ன தடுத்தாலும் நிற்காது, ஆகவே மௌனமே நன்று என்பது அதன் சாரம். தாயார் திரும்பிப் போனார். பிற்காலத்தில், சிறு செயல்கள்கூட முன்னமே தீர்மானமானவையா என்று கேட்ட அன்பர்களுக்கு ரமணர் ஆம் என்றே விடை சொன்னார். அதோடு, உடலை நான் என்று கொள்ளாமல் இருக்கும் சுதந்திரம் மனிதனுக்கு எப்போதும் உண்டு என்றும் சொன்னார். சுதந்திரம் செயலில் இல்லை, செய்கிறவன் யார் என்ற விசாரணையில் இருக்கிறது என்பது அவருடைய நிலை. ஆழமான நிலை. அதைக் கிறிஸ்தவ விசுவாசத்தோடு கலந்துவிட நான் முயல மாட்டேன். கலந்தால் இரண்டுக்கும் அநியாயம் செய்தவனாவேன். வேதாகமத்தில் செய்கிறவன் கரைவதில்லை. கடைசிவரை அவனை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறார், அவனும் பதில் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு பெனெடிக்டின் துறவி ஆன்றி லெ சோ, 1949-இல் ரமணரைத் தரிசித்தவர், பின்னர் இந்த மலையின் குகைகளில் தங்கித் தவமிருந்து அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர், வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நின்று தவித்தார். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்த கிறிஸ்தவம் பெரும்பாலும் லுத்தரன் கிறிஸ்தவம். டேனிஷ் மிஷன் பள்ளியும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அதன் கிளைகள். மனித சித்தத்தைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியவர்களில் ஒருவர் லுத்தர். 1524-இல் எராஸ்மஸ் சுயசித்தத்தை ஆதரித்து ஒரு நூல் எழுத, அடுத்த ஆண்டு லுத்தர் அதை மறுத்து, மனித சித்தம் அடிமைப்பட்டது என்று தம் நூலின் தலைப்பிலேயே அறிவித்தார். 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கம் இதையே குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறது. என் சொந்த அறிவாலோ பலத்தாலோ நான் கிறிஸ்துவிடம் வர முடியாது, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்பது அதன் பொருள். திடப்படுத்தலுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம் இன்னொன்றைச் சொல்லத் தவறிவிடுகிறோம்.

அது 1530-இல் வந்த அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 18-ஆம் பிரிவு. தேவனுக்கு முன்பாக நீதியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வல்லமை மனிதனுக்கு இல்லை என்று லுத்தரன் சபைகள் அதில் அறிக்கையிட்டன. ஆனால் இவ்வுலகக் காரியங்களில், அறிவு எட்டும் விஷயங்களில், மனிதனுக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு என்றும் சேர்த்தே சொன்னார்கள். அதற்கு அவர்கள் தந்த உதாரணங்களைக் கேளுங்கள்: வயலில் வேலை செய்வது, உண்பது, குடிப்பது, திருமணம் செய்வது, வீடு கட்டுவது. மலைச்சரிவில் வீடுகள் எழும்புவதும், போக்கிடமற்ற ஏழைக்கு வேறு இடம் கிடைக்காமல் போவதும், மழைநீர் வடியும் பாதை அடைபடுவதும் ஆதியில் தேவன் தீட்டிய ரகசியத் திட்டம் என்று லுத்தரன் விசுவாசம் ஒருபோதும் போதிக்கவில்லை. அவை மனிதர் தீர்மானிப்பவை. ஆகவே மனிதர் பதில் சொல்ல வேண்டியவை.

மற்றச் சபைகளின் கதையை வேகமாகவே சொல்கிறேன். இயேசு சபைக்காரரான மொலினா 1588-இல் தேவனுடைய முன்னறிவையும் மனித சுதந்திரத்தையும் இசைய வைக்க ஒரு நூல் எழுதினார். டொமினிக்கன் சபையார் எதிர்த்தார்கள். ரோமாபுரியில் பல ஆண்டுகள் விசாரணை நடந்து, இரு தரப்பாரும் தங்கள் கருத்தைப் போதிக்கலாம், ஒருவரை ஒருவர் பதிதர் என்று சொல்லக் கூடாது என்று 1607-இல் முடிந்தது. அந்த விசாரணை ஓயாத நாளில், 1606-இல், ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைக்காரர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். கர்மத்தையும் மறுபிறப்பையும் மறுத்துத் தமிழில் எழுதிய அவர், சுயசித்தத்தை வலியுறுத்தும் ஒரு மரபில் பயின்று வந்தவர். நமக்கு வடக்கே வேலூர், ஆரணி பக்கம் 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன், 1618-19-இல் கூடிய டார்ட் மாநாட்டின் கடுமையான முன்குறித்தல் போதனையை ஏற்ற சபையின் பிள்ளை. அந்தப் போதனையை எதிர்த்த வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் இவர்களும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றானார்கள். முன்குறித்தலைப் பற்றிய சண்டையை முதலில் தீர்த்துவிட்டா சேர்ந்தார்கள்? இல்லை. அதைத் தீர்க்காமலேயே ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். அது சரியான காரியம் என்றே நினைக்கிறேன்.

தமிழ்ச் செவிக்கும் இந்த விவாதம் பழகியது. குட்டி தாயை இறுகப் பற்ற வேண்டிய குரங்கின் நியாயமா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் நியாயமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதித்திருக்கிறார்கள். ஊழைப் பற்றி ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கிருபையா முயற்சியா என்று கேட்க நமக்கு ஐரோப்பா கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை.

ஆனால் இந்தப் போதனை தமிழ் மண்ணில் உண்மையாகச் சோதிக்கப்பட்ட இடம் சாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தரங்கம்பாடி வழிவந்த லைப்சிக் மிஷன், சாதியை ஒரு சமூக வழக்காகக் கொண்டு பொறுத்துப்போகலாம் என்றது. சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல அதைக் கரைக்கும் என்பது அதன் தலைவர் கார்ல் கிரவுலின் எண்ணம். திருக்குறளை ஜெர்மானிய மொழிக்குக் கொண்டுபோன பெரிய தமிழறிஞர் அவர், தமிழரை நேசித்தவர். 1850-இல் சென்னையில் மற்ற மிஷன்கள் பல சாதிக்கு எதிராகத் தீர்மானம் செய்தபோதும் லைப்சிக் அசையவில்லை. அந்த மிஷனிலேயே ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்க மறுத்து வெளியேறினார். நெல்லிக்குப்பத்தை அடுத்த பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கி, 1860-களில் டென்மார்க் மிஷன் சங்கத்தோடு இணைந்தார். நம் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மனிதர் இல்லை என்று சொன்னதால் பிறந்த சபை இது.

கிரவுலின் வாதத்தை அதன் பலத்தோடு கேட்டுப் பாருங்கள். தேவன் தம் வேளையில் செய்வார், நாம் அவசரப்பட வேண்டாம் என்பது பக்தியுள்ள பேச்சாகத்தான் ஒலிக்கிறது. அதைச் சொல்பவர் யார், அந்த வேளைக்காகக் காத்திருப்பவர் யார் என்று கேட்டால்தான் அதில் உள்ள கொடுமை தெரிகிறது. காத்திருக்க வேண்டியவர் ஒருவர், காத்திரு என்று போதிப்பவர் வேறொருவர். இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தச் சுவரைத் தேவன் கட்டவில்லை. அதை இடிக்கும் நாள் வரும் என்று அவருடைய ஆளுகையின்மேல் பாரத்தை வைத்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள், ஆளுகை என்ற போதனையையே திருடுகிறார்கள் என்பேன்.

ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரரிடம் யோசேப்பு சொல்கிறான்: நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக நினைத்தார் என்ற கருத்தில். சர்வ ஆளுகையைப் பற்றி வேதாகமத்தில் இதைவிடத் தெளிவான பேச்சு அரிது. இதே வாக்கியத்தை அந்தச் சகோதரர்கள் சொல்லியிருந்தால்? நாங்கள் உன்னை விற்றது தேவனுடைய திட்டம், அதனால்தான் நீ எகிப்தில் அதிபதியானாய் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அது தூஷணமாகியிருக்கும். உண்மை அதுவே, சொல்லும் வாய் மாறினால் பாவமாகிறது. கெத்செமனேயிலும் அப்படித்தான். பிதாவின் சித்தம் ஆகட்டும் என்று இயேசு தமக்காக, வியர்வை இரத்தத் துளிகளாக விழ, ஜெபித்தார். காய்பா அதைச் சொல்லவில்லை. பிலாத்து சொல்லியிருந்தால் நாம் ஏற்றிருக்க மாட்டோம்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தேவசித்தம் என்பது பாடு பட்டவர் தம் பாட்டைக் குறித்துச் சொல்லத்தக்க சொல். அதுவும் பெரும்பாலும் ஜெபத்தில். ஒருவர் மற்றொருவருடைய சாவுக்கோ வறுமைக்கோ இழிவுக்கோ விளக்கமாகச் சொல்லத்தக்கதல்ல. யோபுவின் நண்பர்கள் தேவனுடைய நீதியைப் பற்றிச் சொன்னவற்றில் பலவும் மற்ற இடங்களில் வேதாகமமே சொல்பவை. ஆனாலும் கடைசி அதிகாரத்தில் தேவன் அவர்கள்மேல் கோபம்கொள்கிறார், தம்மோடு வழக்காடிய யோபுவே நிதானமாய்ப் பேசினான் என்கிறார்.

இப்படிச் சொல்வதால் தேவனுடைய ஆளுகையை நான் குறைக்கிறேன் என்று சில போதகர்கள் நினைக்கலாம். அந்தக் கவலை நியாயமானது. எல்லாம் மனிதன் கையில் என்று சொல்வது கிறிஸ்தவம் ஆகாது, மனிதனால் தாங்கவும் முடியாது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது உங்கள் இரட்சிப்பு நிறைவேற நீங்கள் உழையுங்கள் என்று சொல்லி, உங்களுக்குள் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்பதை அதற்குக் காரணமாகத் தருகிறார். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பங்கு பிரிப்பதில்லை. தேவன் இத்தனை பங்கு, மனிதன் இத்தனை பங்கு என்று பிரித்தால், தேவனும் நம்மைப் போல் உலகத்துக்குள் நிற்கும் இன்னோர் ஆளாகிவிடுவார். தாமஸ் அக்குவினாஸ் இதைத் துல்லியமாகக் கண்டார்: தேவன் சித்தமுள்ள உயிரை அசைக்கும்போது அதன் சித்தத்தை நசுக்குவதில்லை, அது தானாக விரும்பும்படியே அசைக்கிறார். என் விருப்பம் என்னுடையதாக இருப்பதே அவருடைய செயல். இதற்கு அப்பால் விளக்கம் தரக்கூடியவரை நான் இன்னும் வாசிக்கவில்லை.

நம் பக்கத்து ஊரில் இதை வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. 1916-இல் டென்மார்க்கிலிருந்து வந்து திருக்கோவிலூரில் பணி செய்த எஸ்தர் ஃபேரிங் காந்தியடிகளைச் சந்தித்து, அவரைத் தந்தையாக ஏற்றார். மிஷன் அதை விரும்பவில்லை. மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவதும் தேவசித்தம், அழைப்புக்குக் கீழ்ப்படிவதும் தேவசித்தம் என்ற இக்கட்டில் அவர் ஜெபித்து, காத்திருந்து, இறுதியில் மிஷனை விட்டு விலகினார். தேவன் எனக்காகத் தீர்மானித்துவிட்டார் என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. தீர்மானத்தின் பாரத்தைத் தாமே சுமந்தார்.

கடைசியாக ரோமர் 9. குயவன், களிமண், யாக்கோபை நேசித்து ஏசாவை வெறுத்தது ஆகிய இவற்றைக் காட்டி என்னிடம் வாதிப்பவர்கள் உண்டு. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேவன் யாரைத் தெரிந்துகொண்டார் என்று பேசுவதற்கு முன்பே, மூன்றாம் வசனத்தில், தன் இனத்தார் மீட்கப்படுவார்களானால் தானே கிறிஸ்துவைவிட்டுத் தள்ளப்பட்டவனாகச் சம்மதம் என்று பவுல் எழுதுகிறார். தெரிந்துகொள்ளுதலைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை அங்கிருந்தே வருகிறது. முன்குறித்தலைப் போதிக்க வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் தேடுவது அந்த வசனத்தைத்தான்.