சுவர் எழுப்பும் பொறி



சில திங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர்; தந்தையார் மறைந்தமையால் குடும்பப் பொறுப்பு இளமையிலேயே அவர் தோளில் ஏறிற்று. கையாளாகத் தொடங்கிக் கரணை பிடிக்கக் கற்று, இன்று பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் கொத்தனாராக விளங்குகிறார். “ஐயா, இப்போது இயந்திரமே வீடு கட்டுகிறதாம். என் பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். அவன் இந்தத் தொழிலுக்கு வரலாமா, வேண்டாமா? நீங்கள்தாம் சொல்லவேண்டும்” என்றார்.

“அதெல்லாம் வேடிக்கை. மனிதன் கை செய்வதை இயந்திரம் செய்துவிடுமா?” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் சென்ற பின் என் மனம் அமைதி கொள்ளவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதே என்று முப்பதாண்டுக்கு மேலாக மாணவர்களின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியவன் நான். அதே பிழையை நானே செய்துவிட்டேன். ஆகவே அப்பொருள் பற்றித் தேடிப் படித்தேன், அறிந்தோரைக் கேட்டேன், பெங்களூர் சென்றபோது அத்தகைய கட்டடம் ஒன்றை நேரிலும் கண்டேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இம்முறைக்கு ‘முப்பரிமாண அச்சு’ என்று பெயர். அச்சு என்றதும் தாளும் மையும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றை மறந்து, அடுக்களையில் உள்ள முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவை உள்ளே இட்டு அழுத்தினால் துளை வழியே இழையாக வருகிறது. அன்னையின் கை சுழலும் வழியே அவ்விழை வட்டமாகப் படிகிறது. மாவுக்குப் பதில் சிமெண்டுக் கலவை. கைக்குப் பதில் கணிப்பொறி சொன்னபடி நகரும் குழாய்முனை. இதுவே கட்டட அச்சு. வீட்டின் வரைபடத்தைக் கணிப்பொறி கிடைமட்டமாகப் பல நூறு மெல்லிய படைகளாகப் பிரித்துக்கொள்கிறது. குழாய்முனை ஒரு படையை இட்டுச் சுற்றி வருகிறது. பின் சிறிது உயர்ந்து அடுத்த படையை அதன்மேல் இடுகிறது. இவ்வாறே சுவர் வளர்கிறது.

இதில் கடினமான பகுதி இயந்திரமன்று, கலவையே. மாவு தளர்ந்தால் முறுக்கு சரியும். இறுகினால் இழை அறும். இங்கும் அவ்வாறே. குழாயில் ஓடும்போது கலவை நீர்போல் இணங்கவேண்டும். வெளியே வந்த உடனே அசையாமல் நிற்கவேண்டும். அடுத்த படையை விரைந்து இட்டுவிட்டால், அடியிலுள்ள ஈரப்படை பாரம் தாங்காமல் பிதுங்கும். காலம் தாழ்த்தி இட்டாலோ, இரு படைகளும் ஒன்றோடொன்று பற்றாமல் இடையே பலவீனமான கோடு விழும். நீர் அவ்வழியே உட்புகும். நம் சிற்றூர்களில் மண்சுவர் வைப்போர் ஒரு படை வைத்து, அது காய்ந்த பின்னரே மறுபடை வைப்பர். அவர்கள் நாட்கணக்கில் காத்த பக்குவத்தை இங்கே நிமிடக்கணக்கில் காக்கவேண்டியிருக்கிறது. வெயில் ஏறினால் அந்த நிமிடங்களும் குறையும்.

வீட்டை விரைவில் வார்த்தெடுக்கும் ஆசை புதிதன்று. பலரும் அறிந்த எடிசன், ஒரு வீடு முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் முறைக்கு 1917-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு வேண்டிய இரும்பு அச்சுக்களோ எண்ணற்றவை, விலையும் மிகுந்தவை. ஆதலின் அம்முறை பரவவில்லை. கான்கிரீட் வேலையில் கலவையைத் தாங்கும் பலகை அடைப்புக்கே பெரும்பொருள் செலவாகிறது என்பதைக் கொத்தனார் எவரும் சொல்வர். அவ்வடைப்பே இல்லாமல் சுவர் எழுப்ப இயலுமா என்று ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெரோக் கோஷ்னவிஸ். 1990-களில் அவர் வகுத்த வழியே இன்றைய கட்டட அச்சுக்கு அடிப்படையாயிற்று.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரத்தில் எல் அண்டு டி நிறுவனத்தார் மாடியோடு கூடிய கட்டடம் ஒன்றை இம்முறையில் எழுப்பினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றோர் தொடங்கிய ‘த்வஸ்தா’ என்னும் நிறுவனம் அக்கழக வளாகத்திலேயே அச்சிட்ட வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. நான் பெங்களூரில் கண்டது கேம்பிரிட்ஜ் லேஅவுட் அஞ்சலகம். எல் அண்டு டி நிறுவனம் கட்ட, சென்னைத் தொழில்நுட்பக் கழகம் நுட்ப வழிகாட்ட, 1,021 சதுர அடிக் கட்டடம் 43 நாட்களில் முடிந்தது. 2023 ஆகஸ்டு 18 அன்று திறக்கப்பெற்றது. வழக்கமான முறையில் ஆறு முதல் எட்டுத் திங்கள் ஆகியிருக்கும் என்றனர். சுவரில் படைபடையாக ஓடும் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தேன். வேடிக்கை என்று நான் சொன்ன சொல் அங்கேயே பொய்யாயிற்று.

எனினும் வியப்பு வேறு, ஆய்வு வேறு. அவ்வஞ்சலகத்துக்கு ஆன செலவு 23 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு ஏறத்தாழ 2,250 ரூபாய் வருகிறது. “செங்கல் வைத்துக் கட்டினாலும் ஏறக்குறைய இவ்வளவுதானே, ஐயா?” என்று பின்னர் என் மாணவர் கேட்டார். ஆம், இதுவரை கண்ட ஆதாயம் பணத்தைவிடக் காலத்திலேயே மிகுதி.

வேறொன்றும் உண்டு. கான்கிரீட், அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் காணும். அதனாலேயே அதனுள் இரும்புக் கம்பி வைக்கிறோம். படைபடையாக இடும் குழாய்முனை தன் வழியில் நிற்கும் கம்பியை எளிதில் கடக்க இயலாது. ஆகவே சுவரின் நடுவே கூடுவிட்டு அச்சிட்டு, அக்கூட்டில் கம்பியை இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது ஒரு வழி. நெதர்லாந்தில் கெமர்ட் என்னும் ஊரில் 2017-இல் திறந்த மிதிவண்டிப் பாலம் வேறொரு வழியைக் காட்டிற்று: அச்சிட்ட துண்டுகளைச் சேர்த்து எஃகு வடங்களால் இறுக்கிக் கட்டினர். 2021-இல் வெனிஸ் நகரில் கம்பியும் சாந்தும் இன்றி ஒரு நடைபாலம் அமைத்தனர். அச்சிட்ட கட்டிகளை வளைவாக அடுக்கி, ஒன்றையொன்று அழுத்தி நிற்கச் செய்தனர். செங்கல் வளைவு கட்டிய பழங்காலத்துக் கொத்தர் அறிந்த உண்மையே புதிய பொறிக்கும் துணை நின்றது.

கூரையும் அப்படியே. ஈரக்கலவையை வெறும் காற்றின்மேல் இட முடியாது. ஆதலால் மேல்தளம் பெரும்பாலும் வேறு முறையிலேதான் அமைகிறது. அடித்தளம், கம்பி கட்டுதல், நீர்க்குழாய், மின்கம்பி, கதவு, சன்னல் ஆகியவற்றுக்கும் மனிதர் கை வேண்டும். இப்பொறி எழுப்புவது சுவரை. வீடு முழுவதையும் அன்று.

இவ்வளவும் அறிந்த பின் என் மாணவரின் வீட்டுக்கு நானே சென்றேன். முன்பு சொன்னது தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டேன். “சுவர் வைக்கும் வேலையில் ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போகக்கூடும். அவ்வாறு போனால் முதலில் கூலி இழப்பவர்கள் கல்லும் கலவையும் சுமக்கும் பெண்கள். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் கலவையின் பக்குவம் அறிந்தவருக்கும், சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கும் அந்த இயந்திரத்தின் அருகே இடம் உண்டு. அந்த அறிவோடு கணக்கும் வரைபடமும் கற்றவனாக உங்கள் மகன் வரட்டும்” என்றேன்.

கொத்தனார் பேசவில்லை. தம்மிடம் வேலை செய்யும் பெண்களை நினைத்திருப்பார். அதுவரை வாயிற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பையன், “ஐயா, குழாய் நகரும்போதே அதன் பின்னால் கம்பியையும் சேர்த்து இட்டுக்கொண்டே போக முடியாதா?” என்று கேட்டான். பல நாட்டுப் பொறியியலாளரும் இன்று முயன்று வரும் வினா அது! அதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவன் இப்போது பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் படிக்கிறான். விடுமுறை நாட்களில் தந்தையோடு வேலைக்குச் சென்று கலவை போடுகிறான். மாணவர்களே, அவன் கேட்ட வினாவை நீங்களும் எண்ணிப் பாருங்கள். கூலி இழக்கக்கூடிய அப்பெண்களுக்கு நாம் என்ன வழி செய்யப்போகிறோம் என்பதையும் அதனோடு சேர்த்து எண்ணுங்கள். இரண்டும் உங்கள் தலைமுறை விடை காணவேண்டிய வினாக்கள்.