இணைக்குரலில் யார் குரல் பெரிது?



பத்தாம் ஆண்டு விழாவில் திருவெம்பாவை பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பேசத்தான் போகிறேன். அதற்குமுன் ஒரு பழைய பூசலைச் சொல்லியாக வேண்டும்.

இருவர் இணைந்து பாடும் கச்சேரிக்குச் சென்றால், அவையில் சிலர் இசையைக் கேட்பதில்லை, எண்ணுகிறார்கள். ஆலாபனையைத் தொடங்கியவர் யார், மேல் சட்சத்தில் நின்றவர் யார், நிரவலில் யாருக்கு எத்தனை சுற்று என்பதே அவர்கள் கணக்கு. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்தர் சஷ்டி கவசத்தை நாள்தோறும் கேட்பவர்கள்கூட, ‘இந்த அடி ஜெயலட்சுமி, அந்த அடி ராஜலட்சுமி’ என்று வழக்காடக் கேட்டிருக்கிறேன்.

விளையாட்டான வழக்கு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. விருது வழங்கும் அவைகளும் இதே கணக்கைப் போட்டிருக்கின்றன. ஆலத்தூர் சகோதரர்கள் உண்மையில் உடன்பிறந்தோர் அல்லர். குரலால் உடன்பிறந்தோர் ஆயினர். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1964இல் சிவசுப்பிரமணிய ஐயருக்கும், 1965இல் சீனிவாச ஐயருக்கும் என ஓராண்டு இடைவெளியில் வந்தது. பம்பாய் சகோதரிகளுக்கு 2010இல் ஒருசேர வழங்கினர். வீணை தனம்மாளின் பெயர்த்தியரான பிருந்தா, முக்தா இருவருள் பிருந்தா 1976இல் அவ்விருதைப் பெற்றார். முக்தா 2007இல் மறையும் வரையில் அது அவருக்கு வழங்கப்படவே இல்லை.

மூத்தவர் முன்னின்று பாடினார், இளையவர் பின்தொடர்ந்தார் என்று இதற்கு அமைதி கூறுவர். எனக்கு அது உடன்பாடன்று. க்ஷேத்ரக்ஞர் பதங்களை அந்தக் குடும்பத்துக்குரிய விளம்ப காலத்தில் பாடும்போது, ஒவ்வொரு கமகத்திலும் இரு குரல்களும் ஒன்றாய் அசைய வேண்டும். முன்செல்பவர் அறிந்ததனைத்தையும் பின்வருபவரும் அறிந்திருந்தாலன்றி அது கைகூடுமா?

இனித் திருவெம்பாவைக்கு வருகிறேன். மாணிக்கவாசகர் இதனை நம் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. இருபது பாடல்கள்; பாடுவோர் பெண்கள். ஒருத்திக்கும் பெயரில்லை. எந்த அடி யார் கூற்று என்பதை உரை வழியே நாம் பகுத்தறிகிறோம். நான்காம் பாடலில், உள்ளே படுத்திருப்பவள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று வினவுகிறாள். வெளியே நிற்பவர்கள் எண்ணிச் சொல்ல மறுக்கிறார்கள். நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள், குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கு என்கிறார்கள். எண்ணிக்கொண்டிருக்கும் நம் இசை அன்பர்களுக்கும் இதே விடையைச் சொல்லலாமோ என்று சில வேளை தோன்றுவதுண்டு!

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி விழாவுக்காக எங்கள் மாணவியர் எண்மர் இதனைப் பாடப் பயின்றனர். குரல் நன்கு மேலேறும் இருவருக்கே தனி அடிகளையெல்லாம் கொடுத்துவிட்டேன். ஏனையோருக்குக் கூட்டாகப் பாடும் முடிவடி மட்டும். பிழை என்னுடையது. தாழ்ந்த குரலுடைய ஒரு பெண் நான்காம் நாள் பயிற்சிக்கு வரவில்லை. அழைத்துக் கேட்டேன். “நான் இல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது அம்மா” என்றாள்.

தெரிந்தது. அவள் வராத அன்று, மூன்றாம் பாடலுக்குள்ளாகவே குழுவின் சுருதி மெல்ல மேலேறிவிட்டது. ஏழு பேரையும் அதுநாள்வரை கீழிருந்து பிடித்து நிறுத்தியவள் அவளே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான்காம் பாடலில் உள்ளிருப்பவள் கூற்றை அவளுக்குக் கொடுத்தேன். உறக்கம் கலைந்து பேசுபவளுக்குத் தாழ்ந்த குரல்தானே பொருந்தும்? முதலில் இதனை நான் எண்ணிப் பார்க்காதது வியப்பே.

விழா நாளில் அவள் தனித்து வினவினாள். எழுவரும் விடை கூறினர். நிகழ்ச்சி முடிந்ததும் அவளுடைய தாயார் என்னருகில் வந்து, “உள்ளேயிருந்து கேட்டது என் மகள்தானா அம்மா?” என்று இருமுறை கேட்டார்.