விளையாட்டு மைதானம் யாருக்கு உரியது?



உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு என்பது திறமை மிக்க சிலரைப் பொறுக்கியெடுத்துப் போட்டிக்கு அனுப்புவதற்கா, அன்றி மாணாக்கர் அனைவரும் ஆடி மகிழ்வதற்கா என்னும் வினா கல்வியாளரிடையே நெடுநாளாக இருந்து வருவது. மைசூரில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மல்யுத்தத்திற்கும் தசரா விளையாட்டு விழாவிற்கும் பெயர் பெற்ற நகரம் இது. இம்மாநிலத்தில் பள்ளிப் போட்டிகளும் ஹோபளி, தாலுகா, மாவட்டம், மண்டலம், மாநிலம் எனப் படிப்படியாக நடைபெறுகின்றன. ஹோபளி என்பது நம் ஊர்ப்புறத்துப் பிர்க்காவைப் போன்றது.

போட்டியின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மைசூர் மாவட்டத்தில், டி. நரசிபுரம் தாலுகாவில், குருபூர் என்றொரு கிராமம் உண்டு. 2025 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த முதலாவது கோ-கோ உலகக் கோப்பைப் போட்டியில், இறுதியாட்டத்தில் நேபாளத்தை 78-40 என்று வென்ற இந்தியப் பெண்கள் அணியில் அவ்வூரைச் சேர்ந்த சைத்ராவும் இருந்தார். மண்தரையும் இரு கம்பங்களும் போதும் என்னும் எளிய ஆட்டம் அது. போட்டி என்னும் ஏணி இல்லையேல் இத்தகைய ஏற்றம் அரிது.

ஆயினும் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். 300 பேர் பயிலும் பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்வோம். கோ-கோ அணிக்கு 12 பேர், கபடிக்கு 12 பேர், வாலிபாலுக்கு 12 பேர். ஆண், பெண் இருபாலார்க்கும் தனித்தனி அணிகள் அமைத்தாலும் 72 பேருக்கே இடம். எஞ்சிய 228 பேர் கைதட்டுவதற்கென்றே பிறந்தவர்களா? 5 முதல் 17 வயது வரையுள்ள சிறார் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலுழைப்புடன் இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவ்வறிவுரை அணியில் இடம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று.

நம்மைப் போலப் பணி மாற்றத்தால் பிற மாநிலம் புகுந்தோர்க்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. கல்வியாண்டின் நடுவில் வந்து சேரும் சிறுமிக்குக் கன்னடம் இன்னும் நாவில் படிந்திராது. வகுப்பறையில் வாய் திறக்க அஞ்சுவாள். ஆனால் கோ-கோ ஆட்டத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் முதுகைத் தட்டிக் ‘கோ’ என்று கூவுவதற்கு எந்த மொழியும் தடையில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, மொழிபெயர்க்க வேண்டாத அச்சொல்லின் அருமை நன்கு தெரியும். அணித் தேர்வு முடிந்துவிட்டது, நீ ஓரமாக நில் என்று சொல்லிவிட்டால், புதிய ஊரில் தோழமை தேடும் எளிய வழி அவளுக்கு அடைபட்டுப் போகிறது.

பலரும் ஆடினால் திறமை குன்றிவிடும் என்று அஞ்சுவோர் நார்வே நாட்டை நோக்கலாம். அங்கே 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டியில் சிறுவர் கலந்துகொள்வதில்லை; இளஞ்சிறார் ஆட்டங்களில் வெற்றி தோல்விப் பட்டியலும் வெளியிடப்படுவதில்லை. அந்நாடே 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. நம் நாட்டிலும் 1960-ஐ ஒட்டித் தொடங்கிய தேசிய உடல்திறன் இயக்கத்தில், வகுத்த அளவை எட்டிய எவரும் நட்சத்திரச் சின்னம் பெறலாம் என்றிருந்தது. பிறரை வீழ்த்தாமலே பெருமை அடைய அது வழி வகுத்தது.

ஆதலின் போட்டியை நீக்க வேண்டுவதில்லை. அதன் அடித்தளத்தை அகலமாக்கினால் போதும். விளையாட்டு வேளை எல்லா மாணாக்கர்க்கும் உரியதாகட்டும்; தேர்வு நெருங்கும்போது அது கணக்குப் பாடத்திற்கு இரவல் போகலாகாது. வகுப்புகளுக்கிடையே ஆட்டங்கள் நடக்கட்டும். வென்ற வகுப்பிற்குப் புள்ளி தருவது போலவே, மிகுதியான பேரைக் களத்தில் இறக்கிய வகுப்பிற்கும் புள்ளி தரலாம். பள்ளி அணிக்குரிய கடும்பயிற்சி மாலையில் தனியே நடைபெறட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி உசாவும் நாம், நம் பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் மைதானத்தில் இறங்கினான் என்பதையும் உசாவுவோமாக.