முதல் தோசை

பிள்ளை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வருகிறான். நாம் என்ன சொல்கிறோம்? “உனக்கு மூளைடா கண்ணா!” இந்தப் பாராட்டில்தான் ஒரு சிக்கல்.

அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுலபமான புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம், “நீ புத்திசாலி.” சிலரிடம், “நன்றாக முயன்றாய்.” ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அடுத்துக் கடினமான புதிர்கள். எல்லோரும் திணறினார்கள். மறுபடி சுலபமான புதிர்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாகப் போட்டார்கள். முயன்றாய் என்று கேட்டவர்கள் கூடுதலாகப் போட்டார்கள்.

மூளை என்பது பிறவியிலேயே அளந்து கொடுத்தது என்று நம்பினால், ஒரு சறுக்கல் போதும். “என் அளவு இவ்வளவுதான்” என்று மனசு சொல்லிவிடும். முயற்சி அப்படி இல்லை. கூட்டிக்கொள்ளலாம்.

முதல் தோசை கல்லில் ஒட்டினால், சமையலே வராது என்றா விட்டுவிடுகிறோம்? வெங்காயத்தால் கல்லைத் தேய்த்து அடுத்த கரண்டி மாவை ஊற்றுகிறோம். கணக்கு என்றால் மட்டும், “எங்கள் குடும்பத்துக்கே வராது!” நானும் சொன்னவன்தான்.

இன்று மாலை விடைத்தாள் வந்தால், “எந்தக் கணக்கு படுத்தியது? எப்படிப் போட்டாய்?” என்று கேளுங்கள். பதில் நீளும். காபி ஆறிப்போகும். பரவாயில்லை.