நோய் எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதா?

(நமது சமூகக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம். உரையாற்றியவர் நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை.)

பின்வரிசையில் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், மைக் கொஞ்சம் கரகரக்கிறது.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இம்யூனிட்டியைக் கூட்டுவது எப்படி' என்பது. அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பல கைகள் உயரும். முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள், சொரியாசிஸ் உள்ளவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள் எந்தப் பெரிய குடியிருப்பிலும் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதால் நோய் வரவில்லை. இருக்கிற சக்தி ஆள் மாறி அடித்ததால் வந்தது. அப்படிப்பட்டவரிடம் போய் 'சக்தியைக் கூட்டுங்கள்' என்று ஒரு பொடி டப்பாவை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் ஒழுங்காக வேலை செய்யும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். காலில் முள் குத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு சேர்ந்து கிருமியும் உள்ளே போகிறது. தோலுக்கு அடியிலேயே குடியிருக்கும் சில செல்கள் அதை உணர்ந்து இரசாயனச் செய்தி அனுப்புகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து சேருகின்றன. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. வருபவை கிருமிகளை விழுங்கிவிட்டுத் தாமும் செத்துப்போகும். புண்ணில் வடியும் சீழ் பெரும்பாலும் அவற்றின் பிணக்குவியல்தான்.

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது, இல்லையா? நம் பாட்டிமார்கள் நெறி கட்டியதைப் பார்த்தே 'எங்கேயோ புண் இருக்கு, காலைக் காட்டு' என்பார்கள். சரியான நோயறிதல். புண்ணிலிருந்து டென்ட்ரிடிக் செல் என்ற ஒருவகை செல், கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே லட்சக்கணக்கான டி செல்கள் வந்து போய்க்கொண்டிருக்கும். 'இது யாருக்குப் பொருந்துகிறது?' என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். பொருந்திய டி செல் கிடைத்ததும் அது பெருகத் தொடங்குகிறது. கணு வீங்குவது அதனால்தான். இந்த டென்ட்ரிடிக் செல்லை 1973இல் அறிவித்தவர்களில் ஒருவர் ரால்ஃப் ஸ்டைன்மன். அவருக்கு 2011இல் நோபல் பரிசு அறிவித்தபோது, அவர் மூன்று நாள் முன்பே இறந்துவிட்டது குழுவுக்குத் தெரியாது. இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. ஆனாலும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு அறிவித்ததால் பரிசு நிலைத்தது.

இந்த இரண்டாம் கட்டப் படை தயாராக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். 'டாக்டர், மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லையே, ஆன்டிபயாடிக் மாற்றுங்கள்' என்று நாம் அவசரப்படும்போது பல நேரம் உடம்பு அப்போதுதான் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். காய்ச்சலும் கிருமி நேரடியாகக் கொடுப்பதல்ல. நம் வெள்ளையணுக்கள் அனுப்பும் செய்தியைக் கேட்டு மூளை தானே சூட்டை ஏற்றிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் 'அப்போது மாத்திரையே வேண்டாமா' என்று கேட்காதீர்கள். குழந்தை துவண்டுபோனால், தண்ணீர் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால் உடனே காட்ட வேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை, குறிப்பாக ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரத்தக் கசிவு அதிகமாகும்.

ஒருமுறை போரிட்ட படையில் சிலர் வயதானாலும் ஓய்வு பெறுவதில்லை. வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. 1781இல் அங்கே தட்டம்மை வந்தது. பிறகு 65 ஆண்டுகள் வரவே இல்லை. 1846இல் மறுபடி வந்தபோது தீவில் இருந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பானும் என்ற இளம் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். 1781இல் அம்மை கண்ட கிழவர், கிழவிகளில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. ஆன்டிபாடி என்ற சொல் வருவதற்கு முன்பே பதிவான உண்மை இது. தடுப்பூசி செய்வதும் இதே வேலைதான், நோயில் படுக்காமல்.

இனி சிக்கலான பகுதிக்கு வருகிறேன். நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது. டி செல்லும் பி செல்லும் உருவாகும்போது சில மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துப் போட்டு, கோடிக்கணக்கான வடிவங்களில் சாவிகளைக் குருட்டாம்போக்கில் செய்து வைக்கிறது. இந்த மரபணுக் குலுக்கலைக் கண்டறிந்ததற்காக சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் கிடைத்தது. எந்தப் பூட்டு வந்தாலும் ஏதோ ஒரு சாவி பொருந்தும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோடிச் சாவி செய்தால் அதில் சில உங்கள் வீட்டுப் பூட்டையே திறக்கும் அல்லவா?

அதற்காகத்தான் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்களின் பயிற்சிப் பள்ளி. கொடூரமான பள்ளி. உடம்பின் சொந்தப் புரதங்களைக் காட்டித் தேர்வு வைக்கும். எதையும் அடையாளம் காணத் தெரியாததும் தோல்வி, சொந்தத்தை ஆவேசமாகப் பிடிப்பதும் தோல்வி. உள்ளே நுழைவதில் 95 சதவீதத்துக்கு மேல் அங்கேயே சாகின்றன. அப்படியும் சில தப்பித்து வெளியே வந்துவிடும். எனக்கும் உங்களுக்கும் உடம்பில் அப்படிப்பட்டவை இருக்கின்றன.

பிறகு ஏன் எல்லோருக்கும் நோய் வரவில்லை? தகராறு செய்பவர்களை அடக்கிவைக்கும் இன்னொரு வகை டி செல் உண்டு என்று ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். ரொம்ப நாள் பலர் நம்பவில்லை. அந்தச் செல்லுக்கு ஃபாக்ஸ்-பி3 என்ற மரபணு அவசியம் என்பது பின்னால் தெரிந்தது. அது பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே குடல், தோல், கணையம் எல்லாம் தன் படையாலேயே தாக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் சகாகுச்சிக்கும் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் இதற்காகத்தான். அடிப்பவர் எவ்வளவு முக்கியமோ அடக்குபவரும் அவ்வளவு முக்கியம். விளம்பரத்தில் வரும் 'பூஸ்டர்' எதுவும் யாரைக் கூட்டுகிறது என்று சொல்வதில்லை.

இந்த அடக்குமுறை தளரும்போது வருவதைத்தான் ஆட்டோ இம்யூன் நோய் என்கிறோம். ஹாக்கரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1912இல் நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அது முழுக்க வெள்ளையணுக்கள் அடைத்திருப்பதை எழுதினார். ஏன் அங்கே வந்தன என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. உடம்பு தன்னைத் தானே தாக்காது என்பது அந்தக் கால நம்பிக்கை. 1956இல்தான் அந்த நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை லண்டனில் கண்டுபிடித்தார்கள். உங்களில் பலர் காலையில் வெறும் வயிற்றில் போடும் அந்தச் சின்ன மாத்திரையின் கதை இது. இந்த வகை நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் பெண்கள். 'அசதி, உடம்பு வலி என்று எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பாள்' என்று வீட்டில் அலட்சியப்படுத்துவது இந்த நோய்களுக்கு மிகவும் வசதியாகப் போய்விடுகிறது.

சில நேரம் கிருமியே இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. அதன் மேலுறைப் புரதம் நம் இதயத் திசுவின் புரதத்தைப் போலவே இருக்கும். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமிக்கெனச் செய்த ஆன்டிபாடியும் டி செல்லும் மூட்டையும் இதய வால்வையும் தாக்கத் தொடங்கும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது அதுதான். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். மூட்டு வலி சரியாகிவிடும், வால்வு கெட்டது கெட்டதுதான். எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை, பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆனால் இருமல், சளி இல்லாமல் நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறி என்று இருந்தால் மருத்துவரிடம் போங்கள். அவர் பென்சிலின் வகை மாத்திரையைப் பத்து நாள் எழுதினால் பத்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று மீதியை அலமாரியில் வைக்காதீர்கள்.

இன்னொரு உதாரணம் நம் சங்கத்துக்கே நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்கட் சாலைப் பகுதியில் கை கால் திடீரென வலுவிழந்து பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, அந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 200 பேருக்கு மேல். கியான்-பாரே நோய். சோதித்ததில் பலருக்குக் கேம்பிலோபாக்டர் என்ற குடல் பாக்டீரியா இருந்தது. சந்தேகம் தண்ணீர்மேல் விழுந்தது. இந்தப் பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரை நம் நரம்பின் மேலுள்ள ஒரு பொருளை அச்சாக ஒத்திருக்கும். வயிற்றுப்போக்கு நின்று ஒன்றிரண்டு வாரத்தில் காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம், மரமரப்பு வந்தால் 'அசதி' என்று படுத்துவிடாதீர்கள். மூச்சுத் தசையைத் தொடுவதற்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அங்கே இதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலோர் மீண்டு விடுகிறார்கள்.

மருந்து பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபலே கிடைத்தது. ஆனால் நிலா முகம், எலும்புத் தேய்மானம், சர்க்கரை என்று பக்கவிளைவுகள் வரிசை கட்டின. ஸ்டீராய்டு இன்றைக்கும் உயிர் காக்கும் மருந்துதான். பயம் எனக்கு இரண்டு இடத்தில். ஒன்று, பல வாரம் சாப்பிட்டவர் 'இது கெடுதல்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சட்டென நிறுத்துவது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிரே போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மற்றொன்று, 'இரண்டே நாளில் மூட்டு வலி பறக்கும்' என்று பெயர் ஒட்டாமல் வரும் பொட்டலம். அதற்குள் பல நேரம் இருப்பது அரைத்த ஸ்டீராய்டேதான்.

மூன்றாவதாக மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் தரும் அருமையான மருந்து. வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினம் சாப்பிட்டால் வாய் வெந்து, வெள்ளையணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். நம் வீடுகளில் மாமியாருக்கு மாத்திரை டப்பா நிரப்புவது மருமகளாகவோ, ஊரிலிருந்து வந்த பிள்ளையாகவோ, பகல் நேரப் பணிப்பெண்ணாகவோ இருக்கும். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் என்பதால் இதையும் தினமும் போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையின்மேல் தமிழில் கிழமையைப் பெரிதாக எழுதிவையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் மஞ்சளாக, சின்னதாக, அதேபோல் இருக்கலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள்.

பொடி, கஷாயம் பற்றிக் கேட்பீர்கள். மிளகு ரசத்துக்கு நான் எதிரியல்ல, தினமும் வைக்கிறேன். ஆனால் கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்த சிலருக்கு ஆட்டோ இம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சர்ச்சை எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே தைராய்டோ லூபஸோ உள்ளவர் அந்தப் பரிசோதனைக்குத் தன் கல்லீரலைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குழுவில் 'எல்லோரும் குடியுங்கள்' என்று பகிர்பவர்கள் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும்.

கூட்டத்தின் முடிவில் ஒருவர், 'மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் என் அம்மாவுக்குத் தடுப்பூசி போடலாமா?' என்று கேட்டார். இன்ஃபுளுயன்சா, நிமோனியா ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றைப் போடச் சொல்லித்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உயிருள்ள கிருமி கொண்ட சில தடுப்பூசிகளுக்கு மட்டும் வாதநோய் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவோடு லிஃப்டில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டிருப்பது அவருக்கும் பாதுகாப்பு.

இன்னொருவர், நம் சம்ப்பும் மேல்தொட்டியும் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, பொருளாளரிடம் இருக்கும். கழுவிய தேதியையும் குளோரின் பார்த்த தேதியையும் லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் எழுதி வைப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.