மூச்சின் சூடு எங்கிருந்து வருகிறது?

(கோட்டக்குப்பம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மூச்சு கடவுள் ஊதிவிட்டது என்றே மதக்காரர் பலர் சொல்லுகிறார்கள். நாமும் நம் பங்குக்கு ஆக்ஸிஜனுக்குப் பிராணவாயு என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு யோகம், சமாதி என்று பேச ஒரு கூட்டம் கிளம்புகிறது. ஆனால் கடலுக்கடியில் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்து மணிக்கணக்காய் வேலை செய்யும் மனிதன் இருக்கிறான். அவனைக் காப்பாற்றுவது யோகமல்ல, ஒரு டப்பாச் சுண்ணாம்பு!

கடற்கரைக்காரராகிய உங்களுக்குக் கடலைப்பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. சிலிண்டரில் காற்றடைத்து முங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அடைத்த காற்று விரியும்போது குளிரும். சைக்கிள் டியூப்பைத் திறந்துவிட்டுக் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தக் குளிர்ந்த, வறண்ட காற்றை உடம்பு தன் சூட்டால் காய்ச்சி, ஈரப்படுத்தி, பிறகு குமிழியாய்க் கடலுக்குத் தானம் பண்ணுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாலு மடங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நாலு மடங்கு காற்று, அதற்குத் தக்கபடி சூடும் நஷ்டம்.

மற்றொரு கருவியில் குமிழி இல்லை. விட்ட மூச்சு சுண்ணாம்பு டப்பாவுக்குள் போகிறது. சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளுகிறது. செலவான ஆக்ஸிஜனைச் சிறு சிலிண்டர் ஈடுசெய்கிறது. 1878-இல் இங்கிலாந்தில் பிளூஸ் என்பவர் இவ்விதக் கருவி செய்தார். அவர் போட்டது சுண்ணாம்பல்ல, வேறு காரம்; தத்துவம் ஒன்றே. 1880-இல் லாம்பர்ட் என்ற முங்காளி அதை மாட்டிக்கொண்டு, வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கத்தில் இருட்டிலே நடந்து போய்க் கதவை அடைத்தார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பது உங்களுக்குத் தெரியும். நீர்த்த சுண்ணாம்பு கரியமில வாயுவோடு சேரும்போதும் சூடு பிறக்கிறது, கொஞ்சம் தண்ணீரும் உண்டாகிறது. ஆகவே திரும்பி வரும் மூச்சு வெதுவெதுப்பாய், ஈரமாய் வருகிறது. குளிர்ந்த கடலில் இது பெரிய லாபம். யாருடைய அருளும் அதில் இல்லை.

ஆபத்தும் இங்கேதான். தண்ணீர் மிகக் குளிர்ந்தால் டப்பாவும் குளிர்கிறது. குளிர்ந்த சுண்ணாம்பு சோம்பிவிடுகிறது. கரியமில வாயு பிடிபடாமல் நழுவி வருகிறது. தலைவலி, மேல்மூச்சு, பிறகு மயக்கம். எல்லாவற்றிலும் கொடுமை என்னவென்றால், மூளையே மந்தித்துப் போவதால், ஆபத்து வந்ததென்று அவனுக்கே தெரியாமல் போகலாம். உள்மனம் சொல்லும், அந்தராத்மா சொல்லும் என்று இருந்தால் பிணமாய்த்தான் மிதக்கவேண்டும். அதனால் சில கருவிகளில் சுண்ணாம்புக்குள்ளேயே வரிசையாய் உஷ்ணமானிகளை வைத்திருக்கிறார்கள். சூடு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே சுண்ணாம்பு வேலை செய்கிறது. சூடு நகர நகர, மிச்சம் எவ்வளவு என்று கணக்குத் தெரிந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரக்காரர் கரையில் இருந்தார். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். வெள்ளைக்கார சர்க்காரும் கூலி கொடுத்தது, படகுக்குப் படகு சிப்பியும் கொடுத்தார்கள். 1859-இல் டென்னன்ட் எழுதிய இலங்கைப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் காலத்துக் கடல்கட்டி கத்தோலிக்கராம்! மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை. முங்கினவன் நெஞ்சு வெடிக்க மூச்சடக்கினான், மந்திரக்காரன் மூச்சு மாத்திரம் சுகமாய் இருந்தது.

ஹால்டேன் என்ற விஞ்ஞானி என்ன செய்தார்? 1939-இல் தீடிஸ் என்ற நீர்மூழ்கியில் 99 பேர் மாண்டார்கள். அதன்பின் குளிரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, உருகும் பனிக்கட்டித் தண்ணீரில் 35 நிமிஷம் தாமே கிடந்தார். 6.5 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தார். கடைசிப் பகுதியில் அழுத்தமும் பத்து மடங்கு. நினைவு தப்பிற்று. 1941-இல் அதை அச்சிட்டு எவரும் சரிபார்க்கும்படி வைத்தார். 1957-இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தபோது உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார்.

மேடைக்குப் பக்கத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் டம்ளர்களில் இருக்கிறது. குழலால் ஊதிப் பாருங்கள், பால்போல் வெளுக்கும். அது உங்கள் மூச்சிலுள்ள கரியமில வாயு. ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துபோகும். சிறுவர்கள் முதலில் வரட்டும்.